தூக்குக்காரர் மகளின் எடை

கையிலேயே தராசோடு பிறந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் கொல்லிமலையில் இருந்தார். உங்கள் ஊரிலும் அப்படி ஒருத்தர் இருந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் ஊர்க்காரரை நான் பார்க்கவில்லையே என்று கேட்பீர்கள். ஒருவரைப் பார்த்ததே எனக்கு ஆயுளுக்கும் போதும்.

வெள்ளைக்காரன் ஆட்சி முடிய இன்னும் சில வருஷங்கள் இருந்த காலம். எனக்கு வயது இருபத்திரண்டு. கம்பவுண்டர் பரீட்சை தேறிய மூன்றாம் மாதமே மலைமேல் இருந்த சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் என்னைப் போட்டுவிட்டார்கள். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்தில் டிரங்குப் பெட்டியை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, கையை வீசிக்கொண்டு நாம் பின்னால் ஏற வேண்டியதுதான். பாதி வழியில் கையை வீசுவதையும் நிறுத்திவிடுவோம். டாக்டர் கீழே இருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை டோலியில் வருவார். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரி என்றால் நான்தான்.

வேலைக்குச் சேர்ந்த மறுநாள் ஆஸ்பத்திரியைப் பெருக்க வந்த பெரியவர், "தூக்குக்காரர் உங்களப் பாக்கோணும்னு வந்திருக்காருங்க" என்றார். ஜெயிலில் தூக்குப் போடுகிறவர் இந்த மலையில் என்ன செய்கிறார், என்னை எதற்குப் பார்க்க வேண்டும் என்று மெல்ல எட்டிப் பார்த்தேன். ஒட்டடைக் குச்சி மாதிரி ஒருவர் நின்றிருந்தார். தோளில் அவரைவிடப் பருமனான ஒரு கட்டை. அதன் முனையில் இரும்புக் கொக்கி.

"பயப்படாதீங்க சாமி. நாஞ் சந்தையில எடை போடறவனுங்க" என்றார். அவர் சொன்ன விதத்திலேயே இதற்கு முன் எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியிருப்பார் என்று தெரிந்தது.

அந்தக் கட்டைக்குத் தூக்குக்கோல் என்று பெயர். கொக்கியில் சரக்கைத் தொங்கவிட்டு, மேலே கட்டிய கயிற்றைக் கோலில் முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் கோல் படுக்கையாக நிற்கும். அந்த இடத்தில் இருக்கும் புள்ளியைத் தடவிப் பார்த்து எடை சொல்வார்கள். புள்ளிகள் அவரே அடித்தவை. அவரைத் தவிர அவற்றின் கணக்கு மலையில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இருந்ததில்லை.

மலைமேல் நாலைந்து ஊர் சேர்ந்தால் ஒரு நாடு என்பார்கள். அரியூர் நாட்டுச் சந்தையில் மிளகு, புளி, தேன், சாமை எதுவானாலும் அவர் கை பட்டுத்தான் போகும். கோலை மாட்டுவதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். அதற்கு முன்னாலேயே மூட்டையை லேசாக ஒரு தூக்கு தூக்கி, கண்ணை மூடி, "மூணு மணங்கு, ஒரு வீசை" என்று சொல்லிவிடுவார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: ஒரு வீசை என்பது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. எட்டு வீசை ஒரு மணங்கு. நாற்பது பலம் ஒரு வீசை. அவர் சொன்ன பிறகு கோலில் போட்டால் ஒரு பலம் கூடாது, ஒரு பலம் குறையாது. ஒருமுறை தேன் பானையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு ஈ செத்துக் கெடக்குது, எடுத்துப் போடுங்க" என்றார். தேடினார்கள். இரண்டு கிடந்தன. அன்றைக்கு முழுக்க அவர் வருத்தமாக இருந்தார்.

எங்கள் டாக்டரைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. டாக்டர் நல்ல சரீரம். டோலியை நான்கு பேர் தூக்கி வருவார்கள். ஒருநாள் அந்த நால்வரும் மூச்சிரைக்க டோலியை இறக்கும்போது தூக்குக்காரர் போய் ஒரு முனையில் கை கொடுத்தார். கொடுத்தவர் சும்மா இருக்கவில்லை.

"ஏழு மணங்கு மூணு வீசைங்க" என்றார்.

"என்னது?" என்றார் டாக்டர்.

"நீங்கதானுங்க. பூட்ஸ கழிச்சுட்டேன்."

டாக்டர் முகம் சிவந்துவிட்டது. தான் ஆறு மணங்குக்கு மேல் இருக்க நியாயமே இல்லை என்று இங்கிலீஷில் என்னிடம் விளக்கினார். இருந்தாலும் கீழே போய்ப் பதினைந்து நாள் காலைப் பலகாரத்தை நிறுத்திவிட்டார். அடுத்த முறை டோலியை விட்டு இறங்கியதும் நோயாளிகளைக் கேட்கவில்லை, என்னைக் கேட்கவில்லை. "எங்கேய்யா அந்த ஆள்?" என்றுதான் கேட்டார். தூக்குக்காரர் வந்து அவரை மறுபடி டோலியில் உட்கார வைத்து, ஒரு முனையில் கை வைத்தார். "ஏழு மணங்கு நாலு வீசைங்க" என்றார். டாக்டர், "சரி, அப்போ சாப்பிட்டே தொலைக்கிறேன்" என்று உள்ளே போனார்.

ஆனால் தூக்குக்காரரின் உண்மையான புகழ் மிளகாலும் டாக்டராலும் வந்ததில்லை. பிள்ளைகளால் வந்தது.

சந்தைக்கு வரும் தாய்மார்கள் கொண்டுவந்ததை விற்றுவிட்டு, வேண்டியதை வாங்கிக்கொண்டு, வீடு திரும்பும் முன்னால் பிள்ளையை அவரிடம் நீட்டுவார்கள். நீட்டும்போது எல்லாருக்கும் ஒரே வாசகம்தான்: "புள்ள எளச்சுப் போச்சுங்க, கொஞ்சம் பாருங்க." ஒல்லிப் பிள்ளைக்காரியும் அதைத்தான் சொல்வாள். பிள்ளையைத் தூக்கி நீட்ட முடியாமல் மூச்சு வாங்குகிறவளும் அதைத்தான் சொல்வாள். பிள்ளை கொழுத்துவிட்டது என்று சொன்ன ஒரு தாயை அந்த மலையில் நான் பார்த்ததில்லை. இறங்கி வந்த பிறகு சமவெளியிலும் பார்க்கவில்லை. என் வீட்டிலேயே இப்போது ஒரு பையன் இருக்கிறான். சட்டைப் பொத்தான் மூன்று தெறித்துவிட்டது. சட்டை சுருங்கிவிட்டது என்கிறாள் என் மனைவி.

தூக்குக்காரர் பிள்ளையின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து ஒரு சாண் உயரம் தூக்குவார். கண்ணை மூடுவார். எடையைச் சொல்வார். உடனே தாய், "இல்லீங்க, உங்களுக்குக் கை சலிச்சிருக்கும். தண்ணி குடிச்சுட்டு இன்னொருக்காத் தூக்குங்க" என்பாள். தண்ணி குடித்துவிட்டு இன்னொரு முறை தூக்குவார். அதே எடைதான் வரும். "காத்தால களி தின்னுச்சு, அதுதான் கனம் காட்டுது" என்று அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவாள்.

ஒருநாள் புருஷனும் பெண்டாட்டியும் சண்டையோடு வந்தார்கள். நடுவில் ஒரு பையன். "இவன் தின்னு தீக்கறதுக்கு ரெண்டு வயல் சாமை பத்தாதுங்க. இவ எளச்சுப் போனான்னு அழுகறா" என்றார் புருஷன். "எலும்ப எண்ணிப்புடலாம்ங்க" என்றாள் பெண்டாட்டி. தூக்குக்காரர் தூக்கினார். "மணங்கு ஒண்ணே கால்" என்றார்.

"பாத்தீங்களா, ஒண்ணே கால்தான்" என்றாள் அவள்.

"கேட்டுக்க, ஒண்ணே கால்" என்றார் அவர்.

இரண்டு பேரும் ஜெயித்த சந்தோஷத்தோடு பேசிக்கொண்டே போனார்கள்.

கூட்டத்தில் பிள்ளையின் எடையை உள்ளபடி சொன்னால் கண் பட்டுவிடும் என்று ஒரு பயம் உண்டு. அதனால் அவர் வாய்விட்டுச் சொல்வது எப்போதும் அரை வீசை குறைவாகத்தான் இருக்கும். நிஜமான எடையைப் பிள்ளையின் காதில் மட்டும் சொல்வார். பால் குடிக்கிற பிள்ளையானாலும் சரி, அதன் காதில்தான் சொல்வார். "அது எடை, அதுக்குத் தெரியோணுமில்லீங்க" என்பது அவர் நியாயம். காதில் அவர் மூச்சுப் பட்டதும் பிள்ளைகள் நெளிந்து சிரிக்கும்.

இவ்வளவு பெரிய கைக்கு ஒரே ஒரு எடைதான் பிடிபடவில்லை. அது அவர் மகளின் எடை.

மகள் பெயர் பூவாயி. ஒன்பது வயது. குண்டனி நாட்டில் அவர்கள் வீடு. வாரம் தவறாமல் சந்தை முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார்.

"கம்பவுண்டர் சாமி, புள்ள எளச்சுப் போச்சுங்க."

"எந்தப் பிள்ளைங்க?"

"பூவாயிங்க. பின்னால நிக்குதுங்களே. எளச்ச எளப்புல கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது பாருங்க."

எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் ஒரு மூங்கில். அந்த மூங்கிலின் இரண்டு பக்கமும் பூவாயி தெரிந்தாள். கொழுகொழு கன்னம், மடிப்பு விழுந்த மணிக்கட்டு, கையில் பாதி தின்ற வாழைப்பழம். அவள் வாசற்படி ஏறினால் என் மேஜைமேல் மருந்துப் புட்டிகள் ஒன்றையொன்று குசலம் விசாரிக்கும்.

அவர் அவளைத் தூக்குவார். கண்ணை மூடுவார். "ஒரு மணங்கு ஏழு வீசை. அதுக்கு மேல ஒரு பலம் இல்லீங்க" என்பார். சொல்லும்போது கழுத்து நரம்பு புடைத்திருக்கும். கால் நடுங்கும். ஆனால் குரலில் சந்தேகம் இருக்காது.

நான் சர்க்கரைப் பாகில் ஓமத் தண்ணீர் விட்டு ஒரு புட்டி டானிக் கலந்து கொடுப்பேன். பூவாயி என் பக்கத்தில் வந்து, "நெறையாவே ஊத்துங்க சாமி" என்று ரகசியமாகச் சொல்வாள். அவளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஊருக்குப் போய்ச் சேரும் முன்பே புட்டி காலியாகிவிடும் என்று பிற்பாடு தெரிந்தது.

சந்தைக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. பலாப்பழ வியாபாரம் செய்த ஒருவர் ஒருநாள் ஏற்பாடு செய்தார். ஒரு பாறையின் குறுக்கே நீளப் பலகை. ஒரு முனையில் மூன்று பலாப்பழம். மூன்றும் அன்று காலையில் தூக்குக்காரரே எடை போட்டவை. மொத்தம் இரண்டு மணங்கு நான்கு வீசை. இன்னொரு முனையில் பூவாயியை, "வா கண்ணு, ஊஞ்சல் ஆடலாம்" என்று உட்கார வைத்தார். பலகை மேலே போய், கீழே வந்து, நடுவில் அசையாமல் நின்றது. சந்தையே கூடிவிட்டது.

"இப்பச் சொல்லுங்க அண்ணா" என்றார் பழக்காரர்.

தூக்குக்காரர் பலகையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பலாப்பழத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, விரலால் தட்டிப் பார்த்தார்.

"காத்தாலருந்து வெயில்ல கெடந்து பழம் வத்திப் போச்சு" என்றார்.

மூன்று பலாப்பழம் அரை நாளில் ஐந்து வீசை வற்றிப் போனதாக அவர் சொன்னதை நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த மலையில் எடையைப் பற்றி அவரோடு யார் வாதாட முடியும்? பழக்காரர்தான் பாவம். வற்றிப்போன பழம் என்ற பேச்சு பரவி, அன்றைக்கு அவர் பழத்தை யாரும் சீந்தவில்லை. கடைசியில் மூன்றில் ஒன்றைப் பூவாயிக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

மழை விட்டது. மலைக் காய்ச்சல் வந்தது.

டாக்டர் மலேரியா என்பார். அது வருஷா வருஷம் வருவதுதான். நடுக்கிக்கொண்டு வரும், வியர்த்து விடும், ஒருநாள் விட்டு மறுபடி வரும். அந்த வருஷம் கொஞ்சம் பலமாகவே வந்தது. நான் காலையிலிருந்து இருட்டும் வரை கொயினா மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். அந்த அமளியில் தூக்குக்காரர் இரண்டு வாரமாக மகளைக் கூட்டிவரவில்லை என்பதை நான் கவனித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்பாடா என்றுதான் நினைத்தேன். அவர் மட்டும் சந்தைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். "பூவாயி எப்படி இருக்குது?" என்று ஒருநாள் கேட்டேன். "நல்லா இருக்குதுங்க. முன்னைக்கு இப்பக் கனமா இருக்குது" என்றார்.

அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையா என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எனக்கு முன்னால் நாற்பது பேர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்தாவது வாரம், சந்தை இல்லாத ஒரு நாள், அவர் மனைவி நல்லம்மா தனியாக வந்தாள். குண்டனி நாட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள். கூட்டம் கரையும் வரை ஓரமாக நின்றாள். பிறகு கிட்டே வந்து, "சாமி, எங்கூட்டுக்கு ஒரு எட்டு வரோணும்" என்றாள்.

"ஏனுங்கம்மா, என்ன ஆச்சு?"

"புள்ளைக்கு ஒரு மாசமாக் காய்ச்சலுங்க. வந்து வந்து போவுது. கரைஞ்சு போச்சு. அவருகிட்டச் சொன்னா, தூக்கிப் பாத்துட்டு நல்ல கனமாத்தான் இருக்குதுங்கறாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாம்னா, நல்லா இருக்கற புள்ளைய எதுக்கு நாலு சீக்காளிக நடுவுலங்கறாரு."

நான் திகைத்துப் போனேன். "நல்லா இருக்கும்போது வாரா வாரம் கூட்டிவந்தாரே?"

"அப்ப நல்லா இருந்துச்சுங்க, அதனால கூட்டியாந்தாரு" என்றாள் நல்லம்மா. பிறகு சொன்னாள். "இதுக்கு முன்னால ஒரு பையன் இருந்தானுங்க. இதே காய்ச்சல்தான். தெனமும் தூக்கிப் பாத்து, இன்னிக்கு இத்தனை பலம் குறைஞ்சுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. கடைசி வரைக்கும் சொன்னாரு. இப்ப அவரு கை பொய் சொல்லுதுங்க சாமி. வேணும்னு சொல்லலை. அது தானாச் சொல்லுது."

ஆஸ்பத்திரியைப் பெருக்கும் பெரியவர் பொறுப்பில் விட்டுவிட்டு அவளோடு நடந்தேன்.

பூவாயி வாசலில் பாய்மேல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி, கையும் காலும் குச்சியாகியிருந்தன. வயிறு மட்டும் உப்பியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம் கட்டி கையில் தட்டுப்பட்டது. காய்ச்சல் ரொம்ப நாள் உள்ளே இருந்தால் வருவது. "டானிக் கொண்டாந்தீங்களா சாமி?" என்று கேட்டாள். நான் கொண்டுபோகவில்லை.

தூக்குக்காரர் உள்ளேயிருந்து வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு கடுகடுப்பு.

"எதுக்குங்க இவ்வளவு தூரம்? புள்ள நல்லா இருக்குது. நீங்களே பாருங்க." அவளை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். கண்ணை மூடினார். "ரெண்டு மணங்குக்கு மேல இருக்குது" என்றார். அவர் கழுத்தில் நரம்பு புடைக்கவில்லை. கால் நடுங்கவில்லை. ஒரு காலிக் கூடையைத் தூக்கியது மாதிரி தூக்கினார். குரல் மட்டும் பாரத்தைத் தூக்கியது மாதிரி இருந்தது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நல்லம்மா எனக்கு முன்னால் போய்விட்டாள். சுவரில் சாத்தியிருந்த தூக்குக்கோலை எடுத்தாள். வாசலில் நின்ற பலாமரக் கிளையில் கயிற்றைப் போட்டுக் கட்டினாள். தன் பழைய சேலையைத் தூளியாக மடித்துக் கொக்கியில் மாட்டினாள்.

"நல்லம்மா, வேண்டாம். புள்ளையக் கொக்கியில மாட்டக் கூடாது. அது சரக்குக்கு" என்றார் அவர்.

"உங்க கை சரியாச் சொல்லியிருந்தா நானெதுக்கு மாட்டறேன்?"

பூவாயியைத் தூளியில் உட்கார வைத்தாள். அது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. லேசாகச் சிரித்தாள். நல்லம்மா கயிற்றைக் கோலில் நகர்த்தினாள். கோல் ஏறியது, இறங்கியது, பிறகு படுக்கையாக நின்றது. நல்லம்மா கயிறு இருந்த இடத்தைப் பார்த்தாள். நானும் போய்ப் பார்த்தேன். புள்ளிகள் இருந்தன. ஒன்றும் புரியவில்லை. மருந்தைக் குன்றிமணி எடையில் நிறுக்கப் படித்தவன் நான். ஆனால் அந்தக் கோலைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, வந்து பாருங்க" என்றாள் நல்லம்மா. அதட்டவில்லை. மெல்லத்தான் சொன்னாள். "நீங்க சொல்லாட்டி எங்களுக்குத் தெரியாதுங்க."

அவர் திரும்பினார். வந்தார். கோலின்மேல் விரலை வைத்தார். நுனியிலிருந்து ஒவ்வொரு புள்ளியாகத் தடவிக்கொண்டே வந்தார். கயிறு இருந்த இடத்தில் விரல் நின்றது. ஒருமுறை திரும்பப் போய், முதலிலிருந்து தடவிக்கொண்டு வந்தார். அதே இடத்தில் நின்றது.

"ஒரு மணங்கு ஏழு வீசை" என்றார்.

அரை வீசை கழிக்கவில்லை. காதில் சொல்லவும் இல்லை. எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதத்தானுங்க சாமி நாஞ் சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றார் என்னைப் பார்த்து. "வாரா வாரம் வந்து உங்ககிட்டச் சொன்னனே. ஒரு மணங்கு ஏழு வீசை, ஒரு மணங்கு ஏழு வீசைன்னு. என் வாயில வந்து வந்து அப்படியே ஆகிப்போச்சு."

எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு தகப்பனைத் தேற்றும் வித்தை கம்பவுண்டர் பரீட்சையில் வரவில்லை. "அது கொசுவால் வந்ததுங்க அண்ணா. உங்க வாயால வரலை" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது அவருக்குப் போதுமானதாக இருந்ததோ என்னவோ, எழுந்து தூளியிலிருந்து மகளை எடுத்தார். தோளில் போட்டுக்கொண்டார். துண்டைக்கூட எடுக்காமல் ஆஸ்பத்திரிப் பாதையில் இறங்கிவிட்டார். நானும் நல்லம்மாவும் பின்னால் ஓடினோம். மூன்று மைல். ஒரு இடத்திலும் அவர் தோள் மாற்றவில்லை.

இருபது நாள் பூவாயி எங்கள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருந்தாள். முதல் வாரம் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கொயினா கொடுத்தால் வாந்தி எடுத்தாள். கஞ்சி கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னிடம், "நல்ல சமயத்தில் கொண்டுவந்தாய். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் சொல்ல முடியாது" என்றார். தூக்குக்காரர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

கொயினா கசப்புக்கு உலகத்தில் ஈடு இல்லை. பூவாயி வாயைத் திறக்க மாட்டாள். "அப்பன் குடிக்கறேன், நீ பாரு கண்ணு. தேனுதான்" என்று அவர் ஒரு மடக்குக் குடித்துக் காட்டுவார். காட்டும்போது முகம் கோணாமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவள் முதல்முதலில் சிரித்தாள். சிரித்த வாயில் நல்லம்மா மருந்தை ஊற்றிவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று வேளையும் இதுவே முறையாகிவிட்டது. காய்ச்சல் இல்லாத உடம்பில் அவ்வளவு கொயினா போனால் காது இரையும். நான்காம் நாள் அவர் சந்தைக்குப் போனபோது காதுக்குள் ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஒருவர் மிளகு மூட்டையைக் கொண்டுவந்து வைத்ததும் அவர் இரண்டடி பின்னால் போய், "மொதல்ல தேனீயத் தொரத்துங்க, அப்புறம் தூக்கறேன்" என்றாராம். அன்றைக்கு அவர் சொன்ன எடைகள் எல்லாமே தப்பு. சந்தை அதைப் பெரிதுபடுத்தவில்லை. பூவாயி எப்படி இருக்கிறாள் என்று விசாரித்துவிட்டு அவரவர் சரக்கோடு போய்விட்டார்கள். பலாப்பழக்காரர் மட்டும் ஆஸ்பத்திரி வரை வந்து, சுளைகளை உரித்து ஒரு இலையில் வைத்துவிட்டுப் போனார்.

தினமும் காலையில் அவர் மகளைத் தூக்கிப் பார்ப்பார். நான் மருந்து கலப்பதை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். "நாலு பலம் குறைஞ்சிருக்குது" என்பார். மறுநாள், "அப்படியேதான் இருக்குது" என்பார். உள்ளதை உள்ளபடி சொன்னார். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போது தெரியாது. எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் தெரிந்தது. எட்டாம் நாள் காலை தூக்கியவர் இறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டே நின்றார். நல்லம்மா எழுந்து வந்துவிட்டாள்.

"ஒரு பலம் கூடியிருக்குது" என்றார்.

நல்லம்மா போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

பூவாயி எழுந்தாள், நடந்தாள், தை மாதத்தில் ஓடினாள். சித்திரையில் அவள் வாசற்படி ஏறியதும் என் புட்டிகள் மறுபடி பேச ஆரம்பித்தன. பின்னாலேயே தூக்குக்காரர் வந்தார். தொண்டையைக் கனைத்தார். மகளைக் கண்ணால் ஒருமுறை அளந்தார்.

"சாமி, புள்ள கொஞ்சம் எளச்ச மாதிரி இருக்குதுங்க" என்றார்.

என் வாழ்நாளில் யாருக்கும் அவ்வளவு சந்தோஷமாக நான் டானிக் கலந்ததில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் மலையில் இருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் வந்தது. பூவாயி அதில் சேர்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டாள். எனக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று அடிவாரம் வரை தூக்குக்காரர்தான் கூட வந்தார். அங்கே வண்டிக்காகக் காத்திருந்தபோது, "கீழ போனதும் ஒரு காயிதம் போடுங்க சாமி. புள்ள படிச்சுச் சொல்லும்" என்றார். நான் ஒரு மாதம் கழித்துத்தான் எழுதினேன். புது ஊர், புது டாக்டர், மருந்துத் தட்டுப்பாடு என்று ஒரு பக்கம் நிறைய என் குறைகளை எழுதிப் போட்டேன்.

பதில் வர வெகு நாள் ஆயிற்று. கோணல் மாணலாக நான்கு வரி. இன்னும் என்னிடம் இருக்கிறது.

"கம்பவுண்டர் சாமிக்கு பூவாயி எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் காயிதம் வந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. அப்பன் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். சாமி எளச்சுப் போயிருக்கிறார் என்று சொல்கிறார், பிரிக்கக் கொடுக்க மாட்டேன் என்கிறார். கொடுத்ததும் படித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்."

அடுத்த கடிதத்தை நான் கெட்டிக் காகிதத்தில் எழுதினேன்.